யார் மாதிரிப் பேசுகிறாள்?

அத்தியாயம் பதினொன்று

லிஃப்ட்காரனைப் போன வாரம் வாசலில், ஒரு காலில் ஷூவும் மறு காலில் சாக்ஸுமாக நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். ஷூவை அவன் அன்றைக்கே கழற்றிவிட்டான். மனசு மட்டும் புதன்கிழமையிலிருந்து அந்த வாசலைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. இன்று சனிக்கிழமை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அவன் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து, பவர் பார்த்து, ஃபிரேம் பொருத்திக் கொடுப்பவள். சண்டை வந்தால் சாப்பாட்டு வேளைக்குள் சமாதானமாகிவிடும், யாரும் கண் வைக்கத் தேவையில்லாத சாதாரணமான ஜோடி.

ஒரு மாதமாகத்தான் அவள் பேச்சு மாறியிருந்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டால், சாப்பிட்டேன், இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டியதுதானே? "தட்டைக் கழுவி வச்சாச்சு" என்பாள். "போன்ல யாரு?" என்றால், "சிக்னலே சரியில்ல" என்பாள். கேள்வி இவர்கள் வீட்டு வாசலில் நிற்கும். பதில் பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கும்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தவன், ஒரு ஷூவைக் கழற்றிக்கொண்டே, "என்ன, முகத்தைத் தூக்கி வச்சிருக்க? கோவமா?" என்று கேட்டான்.

"கோவம் இல்ல" என்றாள் அவள். "உங்ககிட்ட பேசுறது, காலி பண்ண வீட்டுல நின்னு பேசுற மாதிரி இருக்கு. நான் சொன்னதே எனக்குத் திரும்பி வருது."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

இவனுக்கு எல்லாமே காதுதான். மொட்டை மாடி மெஷின் ரூமில், மோட்டார் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். சத்தம் மாறியிருந்தால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்க வேண்டும், அல்லது யாரோ புதிதாக எதையோ மாட்டியிருக்க வேண்டும். மூன்றாவது காரணம் அவன் அனுபவத்தில் கிடையாது. அதே கணக்கை அவன் மனைவிக்கும் போட்டான். முழுத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

பழகுகிறவர்களின் பேச்சு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். கல்யாணமான புதிதில் அவனுடைய "அது கெடக்கு விடு" அவள் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது. அப்போது அவனுக்கு ஒரே பெருமை. சரி, இப்போது ஒட்டிக்கொண்டிருப்பது யாருடைய பேச்சு?

வியாழக்கிழமை அவன் ஒரு காரியம் செய்தான். கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டு, யாரோ வாடிக்கையாளர் மாதிரி, சனிக்கிழமை மாலை வரலாமா என்று கேட்டான். "சனிக்கிழமை மத்தியானத்தோட சாத்திருவோம் சார்" என்றார் முதலாளி. சனிக்கிழமை மத்தியானம் ஸ்டாக் எடுக்கிற வேலை என்று சொல்லிவிட்டுத்தான் அவள் ஒரு மாதமாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

அவனைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான். இவள் இன்னும் என்னோடுதான் இருக்கிறாளா?

*

காலையில் சகலை வந்தார். மனைவியின் அக்கா கணவர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், மடிப்புக் கலையாத சட்டை, விடிந்ததும் சென்ட். எப்போதோ இரவல் வாங்கிப்போன டிரில்லிங் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தாராம். இரவல் வாங்கிய பொருளைச் சகலை தானாகத் திருப்பித் தந்ததாகக் குடும்ப வரலாற்றில் பதிவே இல்லை. லிஃப்ட்காரனுக்கு அதுவே உறுத்தியது.

"வாங்க சகலை. என்ன இது, அதிசயமா?"

"இந்தப் பக்கம் ஒரு பார்ட்டியைப் பாக்க வந்தேன். அப்படியே கொடுத்துட்டுப் போலாம்னு."

அவள் டீயோடு வந்தாள். "வாங்க அத்தான். அக்கா எப்படி இருக்கா?"

"இருக்கா, இருக்கா. ஆமா, இன்னிக்கு..."

அவள் இருமினாள். சகலை மிச்ச வாக்கியத்தை டீயோடு சேர்த்து விழுங்கினார். லிஃப்ட்காரன் இருமலையும் பார்த்தான், விழுங்கலையும் பார்த்தான்.

அவள் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இரண்டு ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் பேச என்ன இருக்கிறது? லிஃப்ட்காரன் மெஷினின் ஒயரைச் சுற்றியபடி, "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தான்.

சகலை ஜன்னலைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"அதை ஏன் கேக்குறீங்க. வீட்டுல பேசுறது, காலி பண்ண வீட்டுல நின்னு பேசுற மாதிரி இருக்கு சகலை. நாம சொன்னதே நமக்குத் திரும்பி வருது."

ஒயர் சுற்றிய கை நின்றுவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா மனசுல தோணுச்சு."

"மனசுலயா?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

சகலையின் முகம் பூவாக மலர்ந்தது. "நிஜமாவா சொல்றீங்க? நல்லா இருக்கா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். இந்த ஆளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே கேட்பான் என்று லிஃப்ட்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் டிரில்லிங் மெஷின் வேறு இருந்தது. நல்ல வேளையாக, ஒயர் பிளக்கில் செருகியிருக்கவில்லை.

மத்தியானம் அவள் தலைவாரி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஸ்டாக் எடுக்கவா?"

"பஸ்ஸு கூட்டமா இருக்கும்."

"நான் வேணா கொண்டுவந்து விடட்டுமா?"

"உங்களுக்கு இன்னிக்கு லீவாச்சே. படுங்க."

கடையைத்தான் மத்தியானத்தோடு சாத்திவிடுகிறார்களே என்று அங்கேயே கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. கேட்டுவிட்டால் ஒரு பதில் வந்துவிடுமே என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டான். அவள் தெருமுனை திரும்பியதும் வேறு சட்டை தேட நேரமில்லாமல், கொடியில் கிடந்த கம்பெனி யூனிஃபார்மையே மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான்.

*

பஸ்ஸைத் தொடர்ந்து போவது லேசான வேலை இல்லை. பஸ் நிற்கும் இடத்தில் எல்லாம் நிற்க வேண்டும், யாரும் பார்க்காத மாதிரியும் நிற்க வேண்டும். அவள் இறங்கியது ஒரு பழைய வணிக வளாகத்தின் முன்னால். கீழே ஜெராக்ஸ் கடை, அதற்கு மேலே பல் டாக்டர், அதற்கும் மேலே ஒரு டியூஷன் சென்டர். வாசலில் வரிசையாக நின்ற பைக்குகளில் ஒன்றில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஸ்டிக்கர் பளபளத்தது. சகலையின் பைக்.

லிஃப்ட்காரன் தன் பைக்கை ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

லிஃப்ட் இருந்தது. ஆனால் வந்து நின்றால் மணி அடிக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? வாழ்நாளெல்லாம் லிஃப்டோடு கிடந்தவன், அன்றைக்குத் திருடன் மாதிரிப் படியேறினான். டியூஷன் சென்டரின் கதவு லேசாகத் திறந்திருந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரோடு ஒட்டி நின்றான்.

உள்ளே ஒரு பெண்மணியின் அதட்டல் குரல்.

"புதுசா ரெண்டு பேர் வந்திருக்காங்க. அவங்களுக்காக மறுபடி ஒரு சுத்து. யாரு மாதிரி எழுத ஆசை? ஒவ்வொருத்தரா சொல்லுங்க. வெக்கப்பட ஒண்ணுமில்ல. யாரையும் பாக்காம யாரும் எழுத ஆரம்பிக்கறதில்ல."

லிஃப்ட்காரன் விழித்தான். எழுதவா?

பேசியவரை அந்தக் கதை எழுதும் வகுப்பில் கத்தரி மேடம் என்பார்கள். பத்திரிகை ஆபீஸில் இருந்தவர். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியாக நறுக்கித் திருப்பித் தருவதால் அந்தப் பெயர். அவருக்கு அது தெரியும், கோபம் கிடையாது.

"எனக்கு மழைக்காரர் மேடம்" என்றது ஒரு ஆண் குரல். "அவர் கதையில மழை பெஞ்சா என் சட்டை நனையுது."

"நீங்க பேங்க் கேஷியர்தானே? உங்க கதையிலயும் மூணு பக்கமா மழைதான் பெய்யுது. ஒரு ஆளையாவது உள்ள கூட்டிட்டு வாங்க. அடுத்தது? பல் டாக்டர்?"

"முற்றுப்புள்ளியே வைக்காத பெரியவர் இருக்காரே, அவர் மாதிரி மேடம். ஒரே வாக்கியம் ரெண்டு பக்கம் போகும்."

"பேஷண்ட் வாயைத் திறக்க வச்சுட்டு நீங்க பேசிட்டே இருக்கறது பத்தாதா?"

சிரிப்பு. அடுத்துப் பேசிய பெண்ணின் குரல் பஞ்சு மாதிரி இருந்தது. மழலையர் பள்ளி ஆசிரியையாம். "எனக்கு முதல் வரியிலயே பொணம் விழணும் மேடம். கொலைக்கதைக்காரர் மாதிரி எழுதணும்."

"விழட்டும். ஆனா போன வாரம் நீங்க போட்ட பொணம் நாலாம் பக்கத்துல எந்திரிச்சு டீ குடிச்சிச்சு. அதைப் பாத்துக்கங்க. அடுத்தது நீங்க சொல்லுங்கம்மா. கண்ணாடிக் கடை."

"எனக்குப் பக்கவாட்டு அம்மா மேடம்."

அவன் மனைவியின் குரல்.

"யாரு அவங்க? புதுசா வந்தவங்களுக்குச் சொல்லுங்க."

"மூணே மூணு புத்தகம் எழுதிட்டு நிறுத்திட்டாங்க. போட்டோகூட வந்ததில்ல. நாங்கதான் இந்தப் பேரு வச்சோம். அவங்க கதையில யாரும் கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்றதில்ல. பக்கத்துல இருக்கற வேற எதையாவது சொல்றாங்க. ஆனா படிக்கிறவங்களுக்குப் பதில் தெரிஞ்சிருது. எனக்கு அது வரணும் மேடம்."

"வீட்டுல பேசிப் பாக்கச் சொன்னேனே, பாக்குறீங்களா?"

"ஒரு மாசமா பாக்குறேன்."

"வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"காது டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டார்."

உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். வெளியே லிஃப்ட்காரன் படியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். தட்டைக் கழுவி வச்சாச்சு, சிக்னல் சரியில்ல, பஸ்ஸு கூட்டமா இருக்கும், எல்லாம் வீட்டுப் பாடம்! அப்படியென்றால் காலி பண்ண வீடும் வீட்டுப் பாடம்தானே? நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. எழுந்து, சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்றுதான் நினைத்தான்.

"வகுப்புக்கு வர்றதை அவர்கிட்ட இன்னும் சொல்லலையா?" என்று கத்தரி மேடம் கேட்டார்.

"இல்ல மேடம்."

"ஏன்?"

"ஒரு தடவை என் குட்டிக்கதை ஒண்ணு அச்சுல வந்துச்சு. சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க. அவர் அதை எடுத்து, நியூஸ் வாசிக்கிற குரல்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்."

அந்த நாள் லிஃப்ட்காரனுக்கு நன்றாக நினைவிருந்தது. தன் நியூஸ் குரலுக்குக் கிடைத்த கைதட்டல் நினைவிருந்தது. படித்தது அவள் கதை என்பதைத்தான் எப்போதோ மறந்துவிட்டிருந்தான். படியில் உட்கார்ந்திருந்தவனுக்கு அவமானத்தில் காது சூடாகியது.

"சரி. யார் மாதிரி எழுத ஆசையோ, அந்த மாதிரி எழுதிட்டு வரச் சொன்னேன். இதுல ஒரே ஒரு கதை வாரப் பத்திரிகை புதுமுகப் பக்கத்துக்குப் போகப்போகுது, தெரியும்ல? இன்ஷூரன்ஸ், நீங்க ஆரம்பிங்க."

சகலை தொண்டையைக் கனைத்தார். "எனக்கும் அதே அம்மாதான் மேடம். எங்க வீட்டுல அவங்க புத்தகம்தான் கெடக்கு." பிறகு வாசிக்க ஆரம்பித்தார். ஊர் மாற்றலாகிப் போகும் கணவனும் சாமான் கட்டும் மனைவியும். கதையின் கடைசியில் அந்த மனைவி நிமிர்ந்து சொல்கிறாள்: உங்ககிட்ட பேசுறது, காலி பண்ண வீட்டுல நின்னு பேசுற மாதிரி இருக்கு. நான் சொன்னதே எனக்குத் திரும்பி வருது.

வகுப்பே "ஆஹா" என்றது.

"உங்ககிட்டயிருந்து இப்படி ஒரு வரியா?" என்றார் கத்தரி மேடம். அதில் பாராட்டும் இருந்தது, சந்தேகமும் இருந்தது. "சரி, அடுத்தது கண்ணாடிக் கடை."

"நான் இன்னிக்குப் படிக்கல மேடம்."

"ஏன்? எழுதலையா?"

"கொண்டு வரல."

"கையில இருக்கறது என்ன? குடுங்க இங்க."

தாள் சரசரக்கும் சத்தம். ஒரு பக்கம் புரண்டது, இன்னொரு பக்கம் புரண்டது. லிஃப்ட்காரன் எழுந்து நின்றான்.

"இதுலயும் அதே வரி" என்றார் கத்தரி மேடம். "ஒரு எழுத்து மாறல."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"யாரு மாதிரி வேணாலும் எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன். மாதிரி வேற, எடுத்துக்கறது வேற. இதுல ஒருத்தர் இன்னொருத்தர்கிட்டயிருந்து எடுத்திருக்கீங்க. ரெண்டு பேரும் சொந்தக்காரங்க வேற. யாருன்னு சொல்லுங்க."

"நான்தான் மேடம் முதல்ல படிச்சேன்" என்றார் சகலை. குரலில் தெம்பே இல்லை.

"நீங்க சொல்லுங்கம்மா."

"அது என்னோட வரி."

"எப்ப எழுதினீங்க? எப்படி வந்துச்சு?"

"சொல்ல முடியாது மேடம்."

"அவர் படிச்சதும் தாளை ஒளிச்சீங்க. இப்ப சொல்ல முடியாதுங்கறீங்க. நான் என்ன நினைக்கிறது?"

"என்ன வேணா நினைச்சுக்கங்க. அது வீட்டு விஷயம்."

அந்தக் குரல் உடையப் போகிறது என்பது லிஃப்ட்காரனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு எந்த அனுபவமும் தேவையில்லை. யோசிக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

யூனிஃபார்மும் கையில் ஹெல்மெட்டுமாக நின்றவனைக் கத்தரி மேடம் மேலும் கீழும் பார்த்தார். "லிஃப்ட் ரிப்பேருக்கா? அது கீழ் மாடில நிக்குது பாருங்க."

"இல்லங்க. நான் இவ வீட்டுக்காரர்."

அவன் மனைவி எழுந்துவிட்டாள். சகலை முடிந்தவரை நாற்காலிக்குள் இறங்கினார்.

"அந்த வரி இவளோடதுதான்" என்றான் லிஃப்ட்காரன். "புதன்கிழமை சாயங்காலம் சொன்னா. நான் ஷூ கழட்டிட்டு இருந்தேன். முகத்தைத் தூக்கி வச்சிருக்கியே, கோவமான்னு கேட்டேன். அதுக்குச் சொன்னா. அதுக்கப்புறம் குழாயைத் திறந்துவிட்டா."

"நீங்க புருஷன். அவங்களுக்காகப் பேசுறீங்க. நான் எப்படி நம்புறது?"

அவனுக்கு வியர்த்தது. எதிரே கேஷியர், டாக்டர், பஞ்சுக் குரல் டீச்சர், எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்த போர்டில் பிள்ளைகளின் கணக்கு அழிக்கப்படாமல் கிடந்தது.

"பொய் சொல்றதா இருந்தா நல்லதா ஒரு பொய் சொல்ல மாட்டேனா மேடம்? அது என்னைப் பத்திச் சொன்னது." ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். "அந்தக் காலி வீடு நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை.

சகலைதான் மெதுவாகக் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "மேடம், நான் யாருகிட்டயும் திருடல. வியாழக்கிழமை ராத்திரி என் பொண்டாட்டி என்னைப் பாத்து அதே மாதிரி சொன்னா. என் வீட்டுல எனக்கு விழுந்த அடி. அதனால எனக்குச் சொந்தம்னு நினைச்சேன்."

"அக்கா சொன்னாளா?" என்றாள் லிஃப்ட்காரன் மனைவி. "நான் புதன்கிழமை அவகிட்ட போன்ல அழுதேன். அவகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

சொன்ன பிறகுதான் அழுதேன் என்ற வார்த்தை வெளியே வந்துவிட்டது அவளுக்கே உறைத்தது. அறையில் இருந்த எல்லோர் பார்வையும் மறுபடி லிஃப்ட்காரன் மேல் போய் விழுந்தது. பொண்டாட்டியை அழ வைத்தவன் எப்படி இருப்பான் என்று பார்க்கிற பார்வை. அவன் தரையைப் பார்த்தான்.

"இல்ல மேடம்" என்றாள் அவள் அவசரமாக. "அவர் தப்பா எடுத்துக்கிட்டார். நீங்க வீட்டுல பேசிப் பாக்கச் சொன்னீங்கல்ல? சும்மா பழகிப் பாத்தேன். பக்கவாட்டு அம்மா எப்படிச் சொல்லுவாங்கன்னு பாத்தேன். அவ்வளவுதான். அவர் அப்படியெல்லாம் இல்ல."

லிஃப்ட்காரன் நிமிர்ந்தான்.

கத்தரி மேடம் இரண்டு கதைகளையும் ஒன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "வரி யாரோடதுன்னு தெரிஞ்சிருச்சு. அது போதும், அந்த விஷயம் முடிஞ்சுது. ஆனா இன்ஷூரன்ஸ், அந்த ஒரு வரியை எடுத்துட்டாலும் உங்க கதை நல்லா இருக்கு. அதுதான் எனக்கு இடிக்குது. போன வாரம் வரைக்கும் நீங்க எழுதினதை நான் படிச்சிருக்கேன்ல?"

சகலை கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

*

பைக்கில் திரும்பும்போது அவள், எப்போதும் பிடித்துக்கொள்ளும் அவன் தோளைத் தொடாமல், பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

வீட்டுக்குக் கீழே பைக்கை ஸ்டாண்ட் போடும்போது அவன், "யாரு?" என்றான்.

"அக்கா." அவள் எடுக்கவில்லை. "அத்தானுக்குப் பாலிசி பேப்பரைத் தவிர ஒரு வரி ஒழுங்கா எழுத வராதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அந்த மூணு புத்தகத்தையும் வாங்கினது அக்கா."

"அப்படின்னா அந்தக் கதையை எழுதினது...?"

"தெரியல. அவ வாயாலயே கேக்கணும். என்கிட்ட என்னத்தையெல்லாம் கேட்டு அவ எழுதியிருக்கான்னு தெரியணும்." போனைப் பைக்குள் போட்டாள். பிறகு அவனைப் பார்த்தாள். "நீங்க எப்ப வந்தீங்க அங்க?"

"உன் பின்னாடியே."

"பின்னாடியேன்னா?"

"பஸ்ஸுக்குப் பின்னாடி. கடைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். படியில நின்னு கேட்டுட்டு இருந்தேன்." மறைக்க அவனிடம் இனி ஒன்றும் இல்லை. "சகலையும் நீயும்னு நினைச்சுட்டேன்."

கோபப்படுவாள் என்று காத்திருந்தான். கோபம் வரவில்லை. "அத்தானா?" என்று மட்டும் கேட்டாள், நம்ப முடியாமல். "அந்த சென்ட் வாசனைக்கு எனக்குத் தலைவலி வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நினைத்தான்.

"தப்புதான்" என்றான். "பெரிய தப்பு. அந்த நியூஸ் வாசிச்சதும் தப்பு. அதுக்கு நான் தனியா மன்னிப்புக் கேக்கணும்."

"அதையும் கேட்டீங்களா படியில நின்னு?"

"கேட்டேன்."

மேல் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, இருவரையும் ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டே படியேறிப் போனார். அவர் காலடிச் சத்தம் ஓயும்வரை லிஃப்ட்காரன் காத்திருந்தான். கேட்கவா வேண்டாமா என்று ஒரு முறை யோசித்தான். மேடத்திடம் அவள் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு மேலே போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டால் எல்லாம் சுமுகமாகிவிடும். அவனால் முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. புதன்கிழமை என்கிட்ட சொன்னியே, அது நிஜமா? இல்ல வகுப்புக்குப் பழகிப் பாத்ததா?"

அவள் புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நிஜம்தாங்க" என்றாள். "மேடம்கிட்ட சொன்னதுதான் பொய். எல்லாரும் உங்களையே பாத்தாங்க. எனக்குத் தாங்கல."